மூக்குத்தியும் கைக்கயிறும்



பள்ளி திறக்கும் நாள்களில் நம் தங்கவயல் வீடுகளில் செலவுக் கணக்கோடு கூடவே ஒரு வழக்கும் கிளம்பிவிடுகிறது. பள்ளியிலிருந்து வரும் அறிவிப்புத் தாளில் காலணி என்ன நிறம், பின்னல் ஒன்றா இரண்டா, ரிப்பன் எந்த வண்ணம் என்பன வரிசையாக இருக்கும். அவற்றின் கீழே கூடாதவற்றின் பட்டியல்: பூ கூடாது, கொலுசு கூடாது, மூக்குத்தி கூடாது, கையில் கயிறு கூடாது, பையன்களின் தலைமயிர் காதைத் தொடலாகாது. படித்துப் பார்க்கும் பிள்ளை, "ஏன்?" என்று கேட்கிறது. "பூவும் இல்லாமல் மூக்குத்தியும் இல்லாமல் பெண் பிள்ளை வெளியே போவதா?" என்கிறார் பாட்டி. "படிக்கத்தானே அனுப்புகிறோம், பள்ளியில் சொன்னபடி போய் வா" என்று தந்தை பேச்சை முடித்துவிடுகிறார்.

பாட்டி சொல்வதில் பாதி உண்மை உண்டு. தந்தை சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. இருவரும் சொல்லாமல் விட்டதைப் பற்றியே இத்திங்கள் எழுத விரும்புகிறேன். தோற்றத்தைப் பற்றிய பள்ளி விதியை மாணவர் எதிர்த்துக் கேட்கலாமா? கேட்கலாம் என்பதே என் கருத்து. ஆயினும் எதற்காகக் கேட்பது, எவ்வாறு கேட்பது, விடை வரும் வரையில் பிள்ளை எங்கே இருப்பது என்னும் மூன்றையும் தெளிந்துகொண்டு கேட்க வேண்டும். மூன்றாவதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதனால் விளையும் இழப்போ மிகப் பெரிது.

முதலில் சீருடையின் நன்மையைச் சொல்லிவிடுவதே நியாயம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் சென்னை மாநிலத்தில் மதிய உணவோடு சீருடையும் ஏழைப் பிள்ளைகளைத் தேடி வந்தது. நம் கர்நாடக அரசும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வழங்கி வந்திருக்கிறது. பசியைப் போலவே கிழிந்த சட்டையும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விரட்டக்கூடியது. லைன் வீட்டுப் பிள்ளையும் பங்களா வீட்டுப் பிள்ளையும் ஒரே நிற உடையில் ஒரே பெஞ்சில் அமரும்போது, அந்த ஐந்தாறு மணி நேரமாவது தந்தையின் சம்பளம் முதுகில் எழுதப்படாமல் இருக்கிறது. ஆகவே சீருடையின் நோக்கம் ஒரு பிள்ளையும் நாணி நிற்கலாகாது என்பதே. நாணத்தைப் போக்க வந்த விதி ஒரு பிள்ளையை நாணச் செய்யுமானால், அதைப் பற்றிக் கேட்பது அவ்விதியின் நோக்கத்தைக் காப்பதேயாகும்.

இதற்குக் கடல் கடந்த தமிழரிடையே நடந்த ஒரு வழக்கே தக்க சான்று. நம் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு கோலார்ச் சுரங்கங்களுக்கு வரத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, 1860 நவம்பர் 16 அன்று, 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த அவர்களின் வழிவந்தோரில் பலர் இன்று வீட்டிலும் ஆங்கிலமே பேசுகின்றனர். மொழி நழுவியது, ஆயினும் கோயிலும் காவடியும் மூக்குத்தியும் நழுவவில்லை.

அங்கே தென்னிந்தியத் தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த மாணவி, டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் 2002ஆம் ஆண்டு சேர்ந்தாள். பள்ளியின் விதிகளுக்குக் கட்டுப்படுவதாக அவள் தாயார் கையொப்பமிட்டிருந்தார். 2004 செப்டம்பர் விடுமுறையில் மூக்குக் குத்திச் சிறு பொன் மூக்குத்தி அணிவித்து, அக்டோபரில் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளி காரணம் கேட்டது. பெண் பருவமடைந்தபின் மூக்குத்தி அணிவிப்பது தம் குடும்ப மரபென்றும், பதினாறு வயது நிறையும்போது பாட்டியார் வைர மூக்குத்தி அணிவித்து வாழ்த்துவார் என்றும், இது அழகுக்காகச் செய்ததன்று என்றும் தாயார் கடிதம் எழுதினார். பள்ளி நிர்வாகம் அதை ஏற்கவில்லை. 2005 மே மாதத்திற்குள் கழற்றிவிட வேண்டும் என்றது. தாயார் நீதிமன்றம் சென்றார்.

'பிள்ளை வழக்கு' என்று சட்டம் பயில்வோர் குறிப்பிடும் வழக்கு இதுதான். சமத்துவ நீதிமன்றம் 2005 செப்டம்பரில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றம் 2006 ஜூலையில் அதை மாற்றியது. 2007 அக்டோபர் 5 அன்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், பள்ளி விலக்கு அளிக்க மறுத்தது நியாயமற்ற வேறுபாடே எனத் தீர்ப்புரைத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா.

அத்தீர்ப்பிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை சில உள. மூக்குத்தி சமயத்தின் கட்டாயக் கடமையன்று என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் கட்டாயமல்லாத ஒரு பழக்கமும் ஒருவர் தம்மை இன்னார் என்று உணர்வதற்குத் துணையாயிருப்பின் அதற்கும் காப்பு உண்டு என்றது. அந்த மாணவி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மூக்குத்தியோடு வகுப்புக்கு வந்தும் பள்ளியின் ஒழுங்கு குலைந்ததற்குச் சான்றில்லை என்பதைச் சுட்டியது. வேறு பள்ளிக்குப் போகலாமே என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. அப்படிச் சொல்வது 'உனக்கு இங்கே இடமில்லை' என்று சொல்வதற்கு ஒப்பாகும் என்பதே அதன் எண்ணம். இதனால் சீருடை முறை ஒழிந்துவிடவில்லை. மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரையும் கலந்து, விலக்குக் கேட்பதற்கு ஒரு முறையை விதியிலேயே சேர்க்குமாறு பள்ளிக்கு நீதிமன்றம் பணித்தது. மாறுபட்ட கருத்துரைத்த நீதிபதி கேட் ஓ'ரீகன், பள்ளி விதியை மதிப்பதும் விலக்கு வேண்டுவோர் முறைப்படி கேட்பதும் இன்றியமையாதவை என்பதை வற்புறுத்தினார். அதையும் நாம் மறத்தலாகாது.

டர்பனில் ஒரு தமிழ்ப் பெண்ணின் மூக்குத்தி வென்றது என்று நாம் மகிழ்கிறோம். மகிழ்ச்சியோடு நின்றுவிட முடியவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே மூக்குத்தி நம் மாநிலத்தின் உயர்நீதிமன்றத்திற்கு வந்துவிட்டது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் உடுப்பியிலுள்ள அரசு மகளிர் பி.யூ. கல்லூரியில் ஹிஜாப் அணிந்து வகுப்பில் அமர விரும்பிய மாணவியர் தடுக்கப்பட்டனர். வேறு ஊர்களில் மாணவர் சிலர் காவித் துண்டு அணிந்து எதிர்நின்றனர். 2022 பிப்ரவரி 5 அன்று மாநில அரசு சீருடை பற்றிய ஆணையைப் பிறப்பித்தது. வழக்கு விசாரணையில் மாணவியர் தரப்பு வழக்கறிஞர் டர்பன் மூக்குத்தித் தீர்ப்பைத் தமக்குத் துணையாக எடுத்துக்காட்டினார். உயர்நீதிமன்றத்தின் மூவர் அமர்வு அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2022 மார்ச் 15 அன்று அரசாணை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில், 2022 அக்டோபர் 13 அன்று, உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஹேமந்த் குப்தாவும் சுதான்சு தூலியாவும் ஒருவருக்கொருவர் மாறான தீர்ப்புகளை வழங்கினர். வழக்கைப் பெரிய அமர்வின் முன் வைக்கும்படி தலைமை நீதிபதிக்கு அனுப்பினர்.

சட்டத்தின் முடிவு எதுவாயினும் நம் மனச்சான்றுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நம் வீட்டுப் பெண்ணின் மூக்குத்திக்கு ஒரு படியும், அடுத்த தெருப் பெண்ணின் முக்காட்டுக்கு வேறொரு படியும் வைத்து அளக்கலாமா? ஆண்டர்சன்பேட்டைக் கடையில் அப்படி அளந்தால் நாம் சும்மா இருப்போமா? பிறந்த ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு, சிறுபான்மையாய் இருப்பதன் கூச்சம் தெரியாததன்று. அதைத் தெரிந்தவர்களே பிறர் பிள்ளைக்காகவும் பேசக் கடமைப்பட்டவர்கள்.

இரண்டு வழக்குகளுக்கும் இடையே மற்றொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். டர்பனில் 2005 ஜூலையில் ஓர் இடைக்கால ஆணை பிறந்தது. மூக்குத்தி விஷயத்தில் பள்ளி தலையிடாதிருக்குமாறு அது பணித்தது. பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்தப் பெண் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே 2022 பிப்ரவரி 10ஆம் நாளின் இடைக்கால ஆணை, வழக்கு முடியும் வரை ஹிஜாப்பும் காவித் துண்டும் அணிந்து வகுப்புக்கு வரலாகாது என்றது. மாணவியர் சிலர் வகுப்பையும் தேர்வையும் இழந்தனர். வாதம் பெரியவர்களுடையது, வாயிலில் நின்ற கால்களோ பிள்ளைகளுடையவை. பள்ளியானாலும், பெற்றோரானாலும், கட்சியானாலும், பிள்ளையின் பெஞ்சைப் பணயமாக வைக்கலாகாது. ஓர் ஆண்டுப் படிப்பை இழந்த பிள்ளைக்கு அவ்வாண்டை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை.

அப்படியானால் பிள்ளைகள் அணிய விரும்பும் எதையும் அனுமதித்துவிடலாமா? கூடாது. இதோ நம் தாய்த்தமிழகத்தின் வேதனை. திருநெல்வேலி முதலிய மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள் இன்ன சாதி இன்ன நிறம் என்று கையில் வண்ணக் கயிறு கட்டி வருவதைக் கண்ட பள்ளிக் கல்வி இயக்குநர், 2019ஆம் ஆண்டில் அதைத் தடுக்கச் சுற்றறிக்கை விடுத்தார். எதிர்ப்புக் கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அமைச்சர் கூறிவிட்டார். 2023 ஆகஸ்டு 9 அன்று நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும், உடன் படித்த மாணவரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

மூக்குத்தியும் சிறு பொருள். கைக்கயிறும் சிறு பொருள். ஒன்று, 'நான் இன்னார் வீட்டுப் பெண்' என்கிறது. மற்றொன்று, 'நீ என் அருகே அமரத் தக்கவன் அல்லன்' என்கிறது. முதலாவதைத் தடுக்கும் விதியைக் கேள்வி கேட்கலாம். இரண்டாவதைத் தடுக்கும் விதியைக் கைகூப்பி ஏற்க வேண்டும். நெற்றிக்குறி பக்தியாக இருக்கும் இடமும் உண்டு; பகையாக மாறும் இடமும் உண்டு. அதனால்தான் பொருளைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அது அடுத்த பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளையைத் தாழ்த்துகிறதா? பாடத்துக்கோ உடலுக்கோ ஊறு செய்கிறதா? இவ்விரண்டுக்கும் 'இல்லை' என்று விடை வந்தபின், அதைக் கழற்றச் சொன்னால் பிள்ளையின் மனத்தில் காயம் விழுமா என்று கேளுங்கள். 'ஆம்' எனின் அது வாதாடத் தக்க வழக்கு. திரைப்படத்தில் பார்த்த முடிவெட்டு மூன்றாவது கேள்வியில் பெரும்பாலும் தோற்றுவிடும். இளைஞர்கள் என்னைப் பொறுத்தருள்க.

விதியைக் கேள்வி கேட்டால் ஒழுங்கு போய்விடும் என்று அஞ்சுவோருக்கு என் தொழிலிலிருந்து ஒன்று சொல்வேன். ஒரு விதி பிசகினால் நூறு உயிர் போகும் இடம் ரயில்வே. எங்களுக்கு 1976ஆம் ஆண்டின் பொது விதிகள் உண்டு. அந்தந்த ரயில்வே தன் நிலத்துக்கும் பாதைக்கும் ஏற்ப வகுத்த துணை விதிகளும் உண்டு. அவற்றுக்கு அவ்வப்போது திருத்தச் சீட்டுகள் வரும். புத்தகத்தில் அவற்றை ஒட்டிக்கொள்வோம். திருத்தச் சீட்டு ஒட்டியதால் விதிப் புத்தகத்தின் மதிப்புக் குறைந்ததை நான் கண்டதில்லை. அதே சமயம், சிவப்பு விளக்கைக் கண்ட ஓட்டுநர் முதலில் வண்டியை நிறுத்துவார். விளக்கின்மீது குறையிருந்தால் நின்றபின் எழுதுவார். விதியை மதிப்பதும் விதியைத் திருத்தக் கேட்பதும் ஒரே மனிதர் செய்யக்கூடிய இரண்டு வேலைகள்.

கேள்வி கேட்பது தங்கவயலுக்குப் புதியதுமன்று. 1930ஆம் ஆண்டில் தொழிலாளரின் கைரேகையைப் பதிய வேண்டும் என்று சுரங்கங்களில் விதி வந்தபோது, நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தனர். உழைத்துச் சிவந்த விரல்களைத் திருடனின் விரல்களைப் போல் மையில் தோய்ப்பதா என்று அவர்கள் மனம் கொதித்தது. உடலின்மேல் இடப்படும் விதி மானத்தைத் தொடும் என்பதைப் பள்ளிக்குப் போகாமலே அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் பெரியவர்கள். தம் கூலியைத் தாமே பணயம் வைத்தனர். பிள்ளைகளை முன்னே நிறுத்தவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் மாலையில் என் வீட்டுக்கு வந்தார். எழுத்தர் வேலையிலிருப்பவன் என்பதால் மனு எழுத என்னிடம் வருவோர் உண்டு. அவர் பேரன் காய்ச்சலில் பிழைத்ததற்காகத் திருத்தணிக்கு முடி நேர்ந்துகொண்டிருந்தார்கள். முடி வளர்ந்ததும் பள்ளியில் பையனை மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். "தம்பி, நாளைக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் உட்காரலாம் என்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய்?" என்றார். "ஐயா, முதலில் ஒரு கடிதம் கொடுப்போம், பையன் உள்ளே போகட்டும்" என்றேன். நேர்த்திக்கடன் இன்னது, முடி இறக்கும் நாள் இன்னது, அதுவரை எண்ணெய் தடவி வாரிக் கட்டி அனுப்புகிறோம், பாடம் தவறாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று பத்து வரி எழுதினோம். தலைமையாசிரியர் படித்துவிட்டு, "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றாராம். பையன் அன்றே பெஞ்சில் அமர்ந்தான். எல்லாக் கடிதங்களுக்கும் இத்தகைய விடை கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடிதம் கொடுக்காமலே வாசலில் உட்காருவது, சீட்டு வாங்காமலே வண்டி தாமதம் என்று சண்டையிடுவது போலாகும்.

கடிதம் பயன்படாதபோது சட்டம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் தடை செய்யப்பட்டவை. பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் ஒரு பையனின் மயிரைக் கத்தரிப்பது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியினின்று நீக்கலாகாது என்பதும் அச்சட்டமே. 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. நம் ஊரில் அத்தகைய பள்ளிகள் பல இருப்பதால் இதையும் அறிந்திருத்தல் நலம். அரசுப் பள்ளியாயின் எஸ்.டி.எம்.சி. எனப்படும் குழு உண்டு. இத்தகைய குழுவின் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். விதி பிறக்கும் இடமும் திருந்தும் இடமும் அதுவே. நாமோ அங்கே போவதில்லை.

போகாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடிய பின், விடியுமுன் மாரிக்குப்பத்து வண்டியைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புவதே நம் ஆடவரிலும் பெண்டிரிலும் பலரின் வாழ்வாகிவிட்டது. பிள்ளையின் விழித்த முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறோம். ஆயினும் பூமிக்கு அடியிலிருந்த பொன்னை இழந்துவிட்ட நமக்கு மிச்சமிருக்கும் ஒரே முதல், அந்தப் பிள்ளை அமர்ந்திருக்கும் பெஞ்சு. அதற்காக ஆண்டில் இரண்டு நாள் விடுப்பு எடுப்பது பெரிய செலவன்று.

மாணவச் செல்வங்களே, 'ஏன்?' என்று கேளுங்கள். எழுந்து நின்று, பணிவான குரலில் கேளுங்கள். உங்களுக்காக மட்டுமன்றி உங்கள் பக்கத்துப் பிள்ளைக்காகவும் கேளுங்கள். கேட்டுவிட்டு அமர்ந்து பாடத்தைக் கவனியுங்கள். ஆசிரியப் பெருமக்களே, கேட்கும் பிள்ளைக்குக் காரணம் சொல்லுங்கள். காரணம் சொல்ல முடியாத விதி உங்கள் பட்டியலில் இருந்தால் அடுத்த ஆண்டு அதை அச்சிடாது விடுங்கள். பெற்றோர்களே, அறிவிப்புத் தாளில் கையொப்பமிடுமுன் பிள்ளையோடு சேர்ந்து அதை முழுவதும் படியுங்கள். உறுத்தும் வரி இருந்தால் பள்ளி திறக்குமுன்பே பத்து வரிக் கடிதம் ஒன்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சங்கத்துக்கு வாருங்கள். ஞாயிறு மாலைகளில் நான் அங்கே இருப்பேன்.